முயலின் அப்பா எங்கே போனார்?

விலங்குக் கதைகளைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவரும்போது சாவையும் பசியையும் பயத்தையும் வெட்டியெறிவதுதான் பொறுப்பான செயல் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வாதாடியிருந்தது. பழைய கதைகள் பிள்ளைகளை மிரட்டி அடக்கிவைத்த காலத்தைச் சேர்ந்தவை; இன்றைய பிள்ளைக்கு வேகமும் சிரிப்பும் போதும்; விலங்குகளை அழகாகக் காட்டினால் அவற்றின்மீது அன்பு தானாக வளரும். இதுதான் அதன் சாரம். கனிவான குரலில் எழுதப்பட்டிருந்ததால் பலரும் தலையாட்டியிருப்பார்கள். என்னால் முடியவில்லை. கட்டுரையாளர் சாட்சிக்கு அழைத்த படைப்புகள் ஒவ்வொன்றும் அவருக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கின்றன. அவற்றை அவர் ஒழுங்காகப் படிக்கவில்லை, பார்க்கவுமில்லை.

அவர் முதலில் கைவைப்பது ஆங்கிலச் சிறுவர் எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டர்மீது. பீட்டர் ராபிட் என்ற குட்டி முயலின் அப்பா மெக்ரெகர் என்பவரின் தோட்டத்தில் பிடிபட்டு அந்த வீட்டு அடுப்பில் சமையலாகிப்போனதைக் கதை தொடங்கியவுடனேயே தாய் முயல் பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறாள். இதைத்தான் கட்டுரையாளர் மிரட்டல் என்கிறார். அந்தக் கதை பிறந்த விதத்தை அவர் விசாரித்திருக்க வேண்டும். 1893 செப்டம்பர் 4 அன்று, தன் பழைய ஆசிரியை ஆனி மூரின் மகன் நோயல் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, அவனுக்காகப் பாட்டர் படம் போட்டு எழுதிய கடிதத்திலிருந்து வந்தது அது. நோயலுக்கு அப்போது ஐந்து வயது. அந்தக் கடிதத்தை வளர்த்தெடுத்துத்தான் 1901-இல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். மறு ஆண்டு வார்ன் பதிப்பகம் அதைப் புத்தகமாக்கியது. நோயில் கிடந்த சிறுவனைக் குஷிப்படுத்த ஒரு பெண் எழுதிய கதை, அடக்குமுறைக் கருவியாக எப்போது மாறியது?

கதையே அந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்கிறது. பீட்டர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தோட்டத்துக்குள் நுழைகிறான், தின்கிறான், துரத்தப்படுகிறான், சட்டையையும் காலணியையும் தொலைத்துவிட்டு உயிரோடு வீடு வந்து சேர்கிறான். அவனுக்குக் கிடைக்கும் தண்டனை ஒரு கரண்டிக் கஷாயம். சொன்ன பேச்சைக் கேட்ட மூன்று சகோதரிகளுக்குப் பாலும் ரொட்டியும் பழமும் கிடைக்கின்றன, ஆனால் கதை அவர்களோடு போவதில்லை. பாட்டரின் மனம் முழுக்க அந்தக் குறும்புக்காரனிடம்தான் இருக்கிறது. அப்பாவின் சாவு அவன் ஓட்டத்துக்குப் பின்னால் நிற்பதால்தான் அந்த ஓட்டத்தில் நமக்கும் மூச்சு வாங்குகிறது. அதை எடுத்துவிட்டால் மீதியிருப்பது ஒரு முயல் முள்ளங்கி தின்ற செய்தி மட்டுமே.

பாட்டரை மெல்லிய மனம் கொண்ட சீமாட்டியாகக் கட்டுரையாளர் கற்பனை செய்துகொண்டதும் தவறு. அவரும் அவர் தம்பியும் செத்த பிராணிகளின் எலும்புக்கூட்டைத் தனியாகப் பிரித்தெடுத்து வரைந்து பழகியவர்கள். காளான்களைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1897-இல் லண்டன் லின்னியன் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. பெண்களுக்கு அங்கே இடமில்லாததால் அவருக்காக வேறொருவர் வாசித்தார். பின்னாளில் ஏரி மாவட்டத்தில் ஆடு வளர்த்து விவசாயம் செய்தார். முயலின் காலடி எலும்பு எப்படி மடங்கும் என்று தெரிந்தவர் வரைந்த முயல் அது. சட்டை போட்டிருந்தாலும் அது முயல்தான், அதைத் தின்ன ஆள் உண்டு. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்ததில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். பிபிசி 1992 முதல் ஒளிபரப்பிய ‘பீட்டர் ராபிட்டும் நண்பர்களும்’ வரிசையைக் கட்டுரையாளர் ஒற்றை வாக்கியத்தில் மந்தமானது என்று தள்ளிவிட்டார். ‘ஸ்னோமேன்’ படத்தைத் தந்த ஜான் கோட்ஸின் டிவிசி லண்டன் நிறுவனம் எடுத்த வரிசை அது. மொத்தம் ஒன்பது படங்கள். பாட்டரின் நீர்வண்ணத்தை அப்படியே அசையவைப்பதற்காக அந்த ஓவியர்கள் பட்ட பாடு திரையில் தெரிகிறது. கதையைத் தொட அவர்கள் துணியவில்லை. அப்பா முயல் செத்த செய்தி அங்கே இருக்கிறது. ஜெமைமா வாத்து நரியை நம்பி ஏமாறுகிறாள். அவளைக் காப்பாற்ற வந்த நாய்க்குட்டிகளே அவள் முட்டைகளைத் தின்றுவிடுகின்றன, அதுவும் இருக்கிறது. சாமுவேல் விஸ்கர்ஸ் என்ற பெருச்சாளி, டாம் என்ற பூனைக்குட்டியைக் கட்டிப்போட்டு மாவில் சுருட்டி உருட்டுகிறான். நிஜமாகவே வயிற்றைக் கலக்கும் காட்சி அது. அதையும் அவர்கள் விட்டுவிடவில்லை.

ஒரு காரியத்தை மட்டும் புதிதாகச் செய்தார்கள். ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் நடிகை நீவ் க்யூசாக் பாட்டராக வருகிறார். பண்ணை வீட்டில் நடமாடுகிறார், வரைகிறார், கதையைச் சொல்லத் தொடங்குகிறார். புத்தகத்தைப் படிக்கும்போது அம்மா பக்கத்தில் இருக்கிறாள், தொலைக்காட்சி முன்னால் பிள்ளை தனியாக இருக்கிறது, ஆகவே இரண்டுக்கும் ஒரே நியாயம் பொருந்தாது என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அவர் வாதங்களில் மதிக்கத்தக்கது இது ஒன்றுதான். அதற்கான விடையை அவர் மந்தமென்று ஒதுக்கிய இந்தத் தொடரே முப்பதாண்டுகளுக்கு முன் கண்டுபிடித்துவிட்டது. கதை சொல்கிறவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு முடிவு தெரியும், அவர் பதறவில்லை என்ற உணர்வு பிள்ளைக்குக் கிடைத்துவிட்டால், நரியையும் பெருச்சாளியையும் அது தாங்கிக்கொள்ளும். பயத்தை வெட்டுவதற்குப் பதிலாகப் பயத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆளை உட்காரவைத்தார்கள்.

2012-இல் வந்த கணினி வரைகலைத் தொடரைத்தான் கட்டுரையாளர் முன்மாதிரியாகக் காட்டுகிறார். அதில் பீட்டர் இறந்துபோன அப்பாவின் குறிப்பேட்டைச் சுமந்து திரிகிறான். நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரே துரத்தல். நரி துரத்துகிறது, வளைக்கரடி துரத்துகிறது, யாரும் யாரையும் தின்னப்போவதில்லை என்று இரண்டாவது நாளே பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு எத்தனை வேகமாக ஓடினாலும் அது சத்தம்தான். வேகம் தங்களைக் காப்பாற்றும் என்று நம்பும் எல்லாத் தயாரிப்பாளர்களும் விழும் குழி இது.

பாட்டரே பொம்மை விற்றவர்தானே, சந்தைக்காகக் கதையை மாற்றினால் என்ன என்று கட்டுரையாளர் கேட்கிறார். ஆம், 1903-இலேயே பீட்டர் பொம்மைக்குக் காப்புரிமை வாங்கினார், விளையாட்டு அட்டையும் வடிவமைத்தார். பொம்மைக்காகக் கதையில் ஒரு வரியையும் மென்மையாக்கவில்லை. 1936-இல் வால்ட் டிஸ்னி படமெடுக்கக் கேட்டபோது மறுத்துவிட்டார். வியாபாரம் தெரிந்த ஒரு பெண்மணி எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று தெளிவாகப் பிரித்துவைத்திருந்தார். அவர் பெயரைச் சொல்லி எதையும் மாற்றலாம் என்று வாதிடுவது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

‘பழைய ஆங்கிலேயக் கொடூரம்’ என்ற குற்றச்சாட்டு நம் வீட்டு வாசலிலேயே விழுந்துவிடுகிறது. பாம்பைக் கொன்று பிள்ளையைக் காப்பாற்றிய கீரியைத் தாயே அவசரப்பட்டுக் கொன்றுவிடும் கதை பஞ்சதந்திரத்தில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் வருகிறது. நூற்றாண்டுக்கணக்கில் இந்த மண்ணில் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டுவரும் கதை. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் மனம் உடைந்துபோகவில்லை. அவசரத்தில் கை ஓங்குவதற்கு முன் யோசிக்கக் கற்றார்கள்.

கீரியைப் பற்றிப் பேசும்போது, சக் ஜோன்ஸ் 1975 ஜனவரியில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக எடுத்த ‘ரிக்கி-டிக்கி-டாவி’யைச் சொல்லாமல் இருக்க முடியாது. மூலக் கதையை எழுதிய கிப்ளிங்கின் ஏகாதிபத்திய மனம் தனியாக விவாதிக்க வேண்டிய விஷயம், அதில் கட்டுரையாளரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அந்த அரைமணி நேரப் படம் செய்திருப்பதைப் பாருங்கள். நாகமும் அதன் துணையும் வீட்டிலுள்ளவர்களைக் கொல்லத் திட்டமிடுகின்றன, ஏனென்றால் வீடு காலியானால் குஞ்சுகளுக்குத் தோட்டம் கிடைக்கும். இருட்டில் குளியலறையில் சண்டை. பிறகு கீரி முட்டைகளை ஒவ்வொன்றாக நசுக்குகிறது. கடைசியில் பெண் நாகத்தைத் துரத்திக்கொண்டு வளைக்குள்ளேயே போகிறது. எதையும் ஜோன்ஸ் கைவிடவில்லை, எதையும் குரூரமாகவும் காட்டவில்லை. ஆர்சன் வெல்ஸின் கனத்த குரல் நம்மைக் கைபிடித்துக் கூட்டிப்போகிறது. இங்கேயும் அதே விடைதான்: பயம் இருக்கிறது, பக்கத்தில் ஒரு குரலும் இருக்கிறது. அந்தப் பாம்புகளுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அவையும் தங்கள் குஞ்சுகளுக்காகத்தான் கொல்ல வருகின்றன. எல்லாரையும் சிரிக்கவைக்கும் தொடரில் இந்த நினைப்பு பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

அடுத்தது ஜப்பான். ‘ஃப்ளாண்டர்ஸின் நாய்’ 1872-இல் ஆங்கில எழுத்தாளர் வீடா எழுதிய கதை. ஏழைச் சிறுவன் நெல்லோவும் அவன் நாய் பத்ராஷும் ஆண்ட்வெர்ப் தேவாலயத்தில், ரூபன்ஸின் ஓவியத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸ் குளிரில் சேர்ந்தே இறந்துபோகிறார்கள். அமெரிக்கத் திரைப்படங்கள் இந்த முடிவை மாற்றிச் சிறுவனைப் பிழைக்கவைத்தன. கட்டுரையாளர் கேட்பதும் அதைத்தான். 1975-இல் ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் அதே கதையை 52 வாரத் தொடராக எடுத்தது. ஓராண்டு முழுக்க அந்தப் பையனையும் நாயையும் பிள்ளைகள் தங்கள் வீட்டு ஆட்களாக்கிக்கொண்ட பிறகும், முடிவை மாற்றவில்லை. கடைசி அத்தியாயத்தை டோக்கியோ வட்டாரத்தில் சுமார் 30 விழுக்காடு வீடுகள் பார்த்தன. அழுத பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகி ஆண்ட்வெர்ப் தேவாலயத்தைத் தேடிப்போனார்கள். ஊர்க்காரர்களே பெரிதாக அறிந்திராத கதையை ஜப்பானியச் சுற்றுலாப் பயணிகள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 2016-இல் அந்தத் தேவாலய வாசலில் சிறுவனுக்கும் நாய்க்கும் பளிங்குச் சிலை வைக்கப்பட்டது. பிழைத்துக்கொண்ட நெல்லோவைத் தேடி யாரும் எங்கும் போனதாகத் தெரியவில்லை.

நான் மிக அதிகமாக மதிப்பது ‘ஃபார்திங் வுட்டின் விலங்குகள்’ தொடரை. காலின் டான் 1979-இல் எழுதிய நாவல். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் பல நாட்டுத் தொலைக்காட்சிகளைச் சேர்த்து 1993 முதல் 1995 வரை மூன்று பருவங்களாக, 39 அத்தியாயங்களாக எடுத்தது. மனிதர்கள் காட்டை அழிக்கிறார்கள். நரி, பேட்ஜர், ஆந்தை, விரியன், முயல், வயலெலி எல்லாம் கூடி, வழியில் ஒன்றையொன்று தின்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு, தொலைவிலுள்ள ஒரு சரணாலயத்துக்கு நடக்கின்றன. பாதி வழியில் வயலெலிகளுக்குக் குஞ்சு பிறக்கிறது. நடக்க முடியாததால் அங்கேயே தங்கிவிடுகின்றன. கீச்சான் குருவி வந்து குஞ்சுகளைக் கொன்று முள்ளில் குத்திவைக்கிறது. ஃபெசன்ட் பறவைகள் பண்ணைக்காரனின் துப்பாக்கிக்கு இரையாகின்றன. நெடுஞ்சாலையைக் கடக்கும்போது முள்ளெலிகள் பழக்கதோஷத்தில் சுருண்டுகொள்கின்றன. சுருண்டால் ஓநாய் தொடாது, லாரி நிற்காது.

இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு அடைக்கிறது. பிள்ளைகளுக்கு இது தேவையா என்று கட்டுரையாளர் கேட்கிறார். தேவைதான். கீச்சான் நம் கருவேலங்காட்டிலும் இதையேதான் செய்கிறது. முள்ளில் ஓணானைக் குத்திவைத்திருப்பதைக் கிராமத்துப் பிள்ளை பார்த்திருக்கும். அந்தக் குருவிக்குப் பகையில்லை, பசிதான். லாரியும் முள்ளெலியை வெறுக்கவில்லை; சாலை போட்டவர்கள் முள்ளெலி இருப்பதை நினைத்துப் பார்க்கவே இல்லை. இந்த இரண்டு சாவுகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வார்த்தை உபதேசமில்லாமல் ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரியவைத்த தொடர் இது. சாவுகளை வெட்டிவிட்டால் ஏன் சத்தியம் செய்தார்கள் என்பதற்கே அர்த்தமில்லாமல் போகும். ஆபத்தில்லாத பயணத்தில் நட்புக்கு என்ன வேலை?

முயல்களின் கதையான ‘வாட்டர்ஷிப் டவுன்’ பற்றி அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மார்ட்டின் ரோசனின் 1978 திரைப்படத்துக்கு பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் எல்லாரும் பார்க்கலாம் என்ற ‘யு’ சான்றிதழ் தந்தது. 2016-இல் ஈஸ்டர் ஞாயிறு பிற்பகலில் சேனல் 5 அதை ஒளிபரப்பியபோது பெற்றோர்கள் கொதித்துப்போனார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. மூன்று வயதுக் குழந்தைக்கு உரிய படமில்லை அது. அண்மை ஆண்டுகளில் வாரியமே அதைப் பெற்றோர் வழிகாட்டுதல் தேவை என்ற ‘பிஜி’ பிரிவுக்கு மாற்றிவிட்டது. தப்பு சான்றிதழில் இருந்தது, ஒளிபரப்பிய வேளையில் இருந்தது. எந்த வயதுக்கு எந்தக் கதை என்பது நியாயமான கேள்வி. கட்டுரையாளர் அதைக் கேட்கவேயில்லை. எந்த வயதுக்கும் இந்தக் கதை வேண்டாம் என்கிறார், மூன்று வயதுக்காரனைக் காட்டிப் பத்து வயதுக்காரியின் பங்கைப் பறிக்கிறார்.

அவர் கேட்டபடியே ஒரு தொடர் வந்தது. 1999 முதல் 2001 வரை அதே கதை 39 அத்தியாயங்களாகத் தொலைக்காட்சிக்காக மென்மையாக்கப்பட்டது. படத்தில் நாயக முயல் ஹேசலுக்குக் குரல் கொடுத்த ஜான் ஹர்ட், இதில் கொடுங்கோலன் வூண்ட்வோர்ட்டுக்குக் குரல் கொடுத்தார். அப்படிப்பட்ட குரலே அச்சமூட்டவில்லை, ஏனென்றால் அவனால் யாருக்கும் பெரிதாக எதுவும் நேரவில்லை. கடைசிப் பருவத்தில் மந்திர மாயங்களைச் சேர்த்துச் சமாளிக்கவேண்டி வந்தது. இன்று வாட்டர்ஷிப் டவுன் என்றதும் மக்களுக்கு நினைவு வருவது பழைய படம்தான்.

மூல நாவலை எழுதிய ரிச்சர்ட் ஆடம்ஸ் கட்டுரையாளரின் வாதத்துக்கு 1972-இலேயே, அந்த நாவலுக்குள்ளேயே பதில் எழுதிவைத்துவிட்டார். தன் இரண்டு மகள்களுக்குக் கார் பயணத்தில் சொன்ன கதை அது. பயணத்தின் நடுவே முயல்கள் ஒரு செழிப்பான வளைக்கு வந்து சேர்கின்றன. அங்கே முயல்கள் கொழுகொழுவென்று இருக்கின்றன. பண்ணைக்காரன் தினமும் தீனி போடுகிறான், பகை விலங்குகளைச் சுட்டு விரட்டுகிறான். அவ்வப்போது யாராவது ஒருவர் காணாமல் போகிறார். அவர் எங்கே என்று கேட்பது அங்கே பெரும் நாகரிகக்கேடு. சுற்றிலும் சுருக்குக்கம்பிகள் இருப்பது எல்லாருக்கும் தெரியும், எவரும் வாய்திறப்பதில்லை. வந்தவர்களில் வலிமையானவனான பிக்விக் கம்பியில் மாட்டிக்கொள்ளும்போது அந்த வளையிலிருந்து உதவிக்கு ஒருவரும் வருவதில்லை. பேசக்கூடாது என்று பழகியவர்களுக்கு உதவவும் தெரியவில்லை. கட்டுரையாளர் குழந்தைகளுக்காகக் கட்டச் சொல்வது அந்த வளையைத்தான். சாவைப் பற்றிப் பேசாத இடத்தில் சாவு குறைவதில்லை. தாத்தா இறந்த வீட்டில், வளர்த்த நாய் இறந்த வீட்டில், பிள்ளை தனியாக விழித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

அழகாகக் காட்டினால் அன்பு வளரும் என்ற கடைசி வாதத்துக்கு மறுபடியும் ஜப்பானுக்குப் போகவேண்டும். ஸ்டெர்லிங் நார்த்தின் நினைவுக்குறிப்பை வைத்து 1977-இல் ‘ரக்கூன் ராஸ்கல்’ தொடர் வந்தது. ரக்கூன் குட்டியின் முகத்தில் நாடே மயங்கியது. வட அமெரிக்காவிலிருந்து ரக்கூன்களை இறக்குமதி செய்து வீட்டில் வளர்த்தார்கள். வளர்ந்ததும் அவை கடித்தன, பொருள்களைக் கிழித்தன, காட்டில் விட்டுவிட்டார்கள். இன்று அவை பயிரையும் பழைய கோயில்களையும் நாசம் செய்யும் அந்நிய இனமாக ஜப்பான் முழுக்கப் பரவியிருக்கின்றன. இது என் தரப்புக்கும் சங்கடமான எடுத்துக்காட்டுதான்: காட்டு விலங்கை வீட்டில் வைத்திருக்க முடியாது என்பதை அந்தத் தொடரும் கடைசியில் சொல்லத்தான் செய்தது. ஆனால் வாரக்கணக்கில் காட்டிய குட்டி முகத்துக்கு முன்னால் அந்த முடிவு எடுபடவில்லை. கொஞ்சுவதற்கு மட்டும் கற்றுக்கொடுத்த அன்பு அந்த விலங்குக்கு நன்மை செய்யவில்லை.

ஒரு வரியையும் மாற்றக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மான்செஸ்டரில் காஸ்குரோவ் ஹால் கலைஞர்கள் பொம்மைகளை அசைத்து அசைத்து எடுத்த ‘விண்ட் இன் தி வில்லோஸ்’, 1983-இல் படமாக வந்து, அடுத்த ஆண்டிலிருந்து தொடராக ஓடியது. கென்னத் கிரகாம் 1908-இல் எழுதியதை முடித்துவிட்டு, அவர் எழுதாத கதைகளைப் பருவம் பருவமாகச் சேர்த்தார்கள். யாருக்கும் உறுத்தவில்லை. தேரையின் தற்பெருமையும் பேட்ஜரின் சிடுசிடுப்பும் காட்டின் இருட்டும் அப்படியே இருந்தன. மெதுவாகத்தான் நகர்ந்தது, பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்தார்கள். இங்கே தொண்ணூறுகளில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய ஜப்பானிய மௌக்லி தொடரை, இந்தி புரியாத தமிழ்ப் பிள்ளைகளும் ஞாயிறுதோறும் பார்த்ததை இந்தத் தலைமுறைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். வேகம் இல்லாவிட்டால் பிள்ளைகள் எழுந்துபோய்விடுவார்கள் என்பது, பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்காதவர்களின் கண்டுபிடிப்பு.

கட்டுரையாளரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ‘ஃபார்திங் வுட்’ முதல் பருவம் 13 அத்தியாயங்கள்தான். ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு முழுவதையும் பாருங்கள். கீச்சான் வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள், கேட்கும் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள். மறுநாள் தொடர்ந்து பார்க்கலாமா என்று யார் கேட்கிறார்கள் என்பதைக் கவனித்துவிட்டு, இதே இதழில் எழுதுங்கள்.